நீலாய் வீட்டை யாருக்கு விடலாம்

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள். உன் வீட்டை நான் பார்த்துவிட்டேன். சாவி வாங்கிய கையோடு நீ தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன், அதுவரைக்கும் பொறுங்கள் என்று சொன்னாய். யாரால் பொறுக்க முடியும்? மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு அஞ்சலையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நீலாயில் இறங்கி, நீ போனில் சொன்ன சாலைப் பெயரைக் கேட்டுக் கேட்டு, மண் லாரிகள் கிளப்பிய புழுதியெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு நடந்து போனோம். வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் எங்கே போகிறீர்கள் என்று மறித்தார். "அனாக் பூஞா ரூமா" என்றேன். மகனுடைய வீடு என்று மலாயில் சொல்ல மூன்று வார்த்தைதான், ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். சாவி இல்லாததால் உள்ளே போக முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கூடத்தைப் பார்த்தேன், பின்பக்கம் போய் அடுப்படியைப் பார்த்தேன், சாக்கடையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடப் பார்த்தேன். சரியாகத்தான் ஓடுகிறது. அஞ்சலைக்கு வெயிலில் தலைவலி வந்து அவள் புலம்ப ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினேன்.

அன்றைக்குப் போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். இந்த வீட்டை யாருக்கு வாடகைக்கு விடலாம் என்பது முதல் கேள்வி. உங்களுக்குத்தான் அதில் இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறதே, சொல்லுங்கள் அம்மா என்றாய். இரண்டாவது கேள்வி என்னைப் பற்றியது. தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனி வாங்கிவிட்டது, பொங்கலுக்குள் லயத்து வீடுகளையெல்லாம் காலி செய்யச் சொல்லி எங்களுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. வேலையிலிருந்து நின்ற பிறகும் தோட்டத்து ஆபீஸ் கிராணி கண்டுகொள்ளாமல் விட்டதால் இதுவரை ஒட்டிக்கொண்டிருந்தேன், இனி முடியாது. நீ எனக்கு இரண்டு வழி சொன்னாய். சிரம்பானில் ராசாவில் இருக்கும் நம் வீட்டில் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அங்கே போவது ஒன்று. தை மாதம் உன் கல்யாணம் முடிந்ததும் பெட்டாலிங் ஜெயாவில் உன் பிளாட்டில் உங்களோடு வந்து இருப்பது இன்னொன்று. நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் உனக்குப் புரியாது, எனக்கும் சரியாகச் சொல்ல வராது. அதனால் பொறுமையாகப் படி. வீடு வாங்கத் துடிக்கும் உன் ஆபீஸ் கூட்டாளிகளுக்கும் படித்துக் காட்டு, அவர்களுக்கும் உதவும்.

ராசா வீட்டை நாங்கள் வாங்கியபோது நீ தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் ரப்பர் மரம் சீவப் போனேன், அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். அம்பத்தைந்து வயதானதும் வீட்டை விட்டுப் போகச் சொல்வார்கள், அதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பது அப்பாவின் ஒரே பேச்சு. என் சங்கிலியும் சீட்டுப் பணமும் முன்பணத்துக்குப் போயின. அதற்கு மேல் பேங்கு கொடுத்தது. தோட்டத்தில் இருந்துகொண்டே வேலைக்குப் போவோம், வீட்டை வாடகைக்கு விடுவோம், வருகிற வாடகை பேங்குக்குப் போகட்டும் என்று கணக்குப் போட்டோம். கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் வீட்டுக்காரராக இருப்பது எப்படி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நாங்கள் பார்த்த வீட்டுக்காரர் தோட்டம் ஒன்றுதான்.

தோட்டம் எப்படிப்பட்ட வீட்டுக்காரர் என்பது உனக்கு மறந்திருக்காது. வாரம் ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் லயத்தைப் பார்வையிட வருவார், கூடவே எங்களை வேலை வாங்கும் மண்டோர். கதவைத் தட்டுவது என்ற பழக்கமே கிடையாது. செருப்போடு நேராக அடுப்படி வரைக்கும் போவார். தண்ணீர் டிரம்மில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார், பானை மூடியைத் தூக்கிப் பார்ப்பார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். நாம் சுவரோரமாக நிற்போம். அதை அவமானமாக நாங்கள் நினைத்ததில்லை. வீடு அவர்களுடையது, வந்து பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். மலேரியா நம் லயத்துக்கு வராமல் இருந்ததற்கு அந்த டிரெஸரும் ஒரு காரணம், அதையும் சொல்லவேண்டும். இந்தப் பாடத்தை மட்டும் படித்துக்கொண்டு அப்பா ராசாவில் வீட்டுக்காரர் ஆனார்.

முதலில் குடிவந்தது குமரன் என்று ஒரு பையனும் அவன் புதுப்பெண்டாட்டியும். மரியாதையானவர்கள், வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்தார்கள். அப்பா மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார், பின்னால் நான். வெள்ளைச்சட்டை, பையில் பேனா, அந்த மிடுக்கை நீ பார்த்திருக்கவேண்டும். போனதும் கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போவார். தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார், சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பார், அடுப்படியில் பானை மூடியைத் தூக்கிப் பார்ப்பார். சுத்தமாக வைத்திருக்கிறாயே அம்மா, சந்தோஷம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வருவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆறேழு மாதத்தில் அவர்கள் காலி செய்துவிட்டார்கள். வேலை மாற்றம் என்று சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். பிறகு ஒருநாள் ரஹாங்கில் கோயிலுக்குப் போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நம் ராசா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியே குடியிருந்தாள். ஏன் அம்மா போனாய் என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரரு வர்ற ஞாயித்துக்கெழமையில நான் சோறே ஆக்கமாட்டேன்க்கா. பானையத் தெறந்து பாத்துருவாருன்னு பயந்துகிட்டு கடையிலதான் வாங்கிச் சாப்புடுவோம்."

தம்பி, இதை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. வீடு காலியாகக் கிடந்தது, பேங்குக் கடன் மட்டும் காலியாகவில்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. நல்லதுக்குத்தானே பார்த்தேன் என்றார். உனக்கு நான் சொல்லும் முதல் புத்தி இதுதான். வாடகையை வாங்கிய நிமிஷத்தில் அந்த வீடு பேங்குக் காகிதத்தில் மட்டும்தான் உன் வீடு. மற்றபடி அது அவர்களுடைய வீடு. போகவேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ, எதற்கு வருகிறாய் என்றும் சொல், வாசலில் நின்று கூப்பிடு, அவர்கள் வா என்ற பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போ. வருஷத்துக்கு இரண்டு தடவை போனால் போதும். சுவரில் ஆணி அடித்திருந்தால் அடித்துவிட்டுப் போகட்டும், சாமி படத்தை அவர்கள் வேறு எங்கே மாட்டுவார்கள்?

வீடு காலியாகக் கிடந்தபோது வேறொரு கூத்து நடந்தது. உன் பெரியப்பா மகன் வந்து, வீடு சும்மாதானே சித்தப்பா இருக்கிறது, நான் இரண்டு மாதம் இருந்துகொள்கிறேன், வாடகையெல்லாம் பார்த்துச் செய்கிறேன் என்றான். சொந்தப் பையனிடம் காகிதம் எழுதுவதா என்று அப்பா வெட்கப்பட்டார். இரண்டு மாதம் வருஷமாக நீண்டது. வாடகை வந்தால் வந்தது, வராவிட்டால் கேட்க முடியாது. கேட்டால் பெரியம்மா முகத்தைத் தூக்கிக்கொள்வாள். கடைசியில் கம்பெனிக்காரன் வந்து கரண்டை வெட்டிவிட்டுப் போன பிறகுதான் அவன் வீட்டை விட்டான். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்தக் குடும்பம் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் நாம் வேறு வரிசையில் உட்காருகிறோம், நீயும் பார்த்திருக்கிறாய். போன பணம் போகட்டும், அதை எப்போதோ மறந்துவிட்டேன். அவனை நான் தூக்கி வளர்த்தவள், அதுதான் இன்னும் வலிக்கிறது. ஒரு காகிதம் எழுதியிருந்தால் சண்டை காகிதத்தோடு முடிந்திருக்கும், உறவு தப்பித்திருக்கும். சொந்தக்காரருக்கு வீடு விடக்கூடாது என்று உலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வேற்று ஆளுக்கு ஒரு தடவை எழுதினால் சொந்தக்காரருக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்து எழுது என்பேன். முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி.

அதற்குப் பிறகுதான் ஸ்டெல்லா மிஸ்ஸி வந்தார். சிரம்பான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அதனால்தான் மிஸ்ஸி, புருஷன் வெளியூரில், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார். வாடகையைக் குறைக்கச் சொல்வார் என்று அப்பா தயாராக நின்றார். மிஸ்ஸி கேட்டது வேறு.

"வாடகைய விடுங்கண்ணே, அது சரிதான். நீங்க எப்பெப்ப வருவீங்க, அதச் சொல்லுங்க. நான் நைட் ஷிப்ட் முடிச்சிட்டுப் பகல்ல தூங்குறவ லா."

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எங்களை இப்படி ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. என் வீட்டுக்கு நான் வருவதற்கு இவளிடம் அனுமதி வாங்குவதா என்று தோன்றியிருக்கும். நான் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். கோயிலில் கேட்டது என் காதில் இன்னும் இருந்தது. சொல்லிவிட்டுத்தான் வருவோம் என்று நானே பதில் சொன்னேன். மிஸ்ஸி அதையும் காகிதத்தில் எழுதச் சொன்னார், எழுதினோம். அன்றைக்கு வந்தவர்தான், இன்றுவரை அங்கே இருக்கிறார். அந்தக் கைக்குழந்தை அடுத்த வருஷம் ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதப்போகிறது. வீடு ஒரு மாதம்கூடக் காலியாகக் கிடக்கவில்லை. நல்ல குடித்தனக்காரரைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார்கள். கேள்வி கேட்கிற குடித்தனக்காரர் வந்தால் விடாதே தம்பி, அவர்தான் தங்குவார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டுகிறவர் ஓடிப்போவதற்குத் தயாராக இருக்கிறார் என்பது என் அனுபவம்.

ஓட்டுக்கூரை கதையைச் சொல்லாமல் விட்டால் அப்பா மேலேயிருந்து கோபித்துக்கொள்வார். மிஸ்ஸி வந்த முதல் மழைக்காலத்தில் கூடத்தில் ஒழுகியது. அவர் பாவம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறித் தோட்டத்துக்கே வந்து சொன்னார். அப்பா ரொம்பப் பொறுப்பாகக் கேட்டார், எந்த இடம், எவ்வளவு ஒழுகுகிறது என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில், "சரிம்மா, கிராணிகிட்ட சொல்லிர்றேன், ஆள் அனுப்புவாரு" என்றார். மிஸ்ஸி திருதிருவென்று விழித்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏங்க, ராசா வீட்டுக்கு நீங்கதாங்க கிராணி" என்றேன். பிறந்ததிலிருந்து கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வது, கொத்தனார் வரும்வரை சட்டியை வைத்துப் பிடிப்பது, இதைத் தவிர வேறு வழி இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. மறுநாள் லீவு போட்டுவிட்டு ராசாவுக்குப் போய்த் தானே கூரையில் ஏறினார். சாயங்காலம் சட்டையெல்லாம் கறையோடு திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. எங்கே உடைந்திருந்தது, எப்படி ஓடுகளை நகர்த்திப் போட்டார் என்று சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். சாகும்வரை அவர் மோட்டார்ப் பெட்டியில் ஒரு திருப்புளியும் குழாய்க்கு வாஷரும் இருந்தன. இப்போது எழுதும்போது அழுகை வருகிறது. உன் வீட்டு ஜன்னலில் மூக்கை வைத்தபோதும் வந்தது. அவர் இருந்திருந்தால் எனக்கு முன்னால் பஸ் ஏறியிருப்பார்.

சரி, வேலைக்கு வருகிறேன். உன் வீடு புதுசு என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பாதே. முதல் மழையில் போய்ப் பார். ஒழுகுகிற இடம், இறுகாத கதவு, தண்ணீர் தேங்கும் குளியலறை எல்லாவற்றையும் எழுதிக் கட்டினவனுக்குக் கொடு, அவன் இலவசமாகச் சரிசெய்து தருகிற கெடு முடிவதற்குள் கொடுத்துவிடு. வீட்டில் உன் ஆசைக்கு விலையுயர்ந்த சாமான் எதையும் மாட்டாதே. விளக்கும் காற்றாடியும் நல்ல இரும்புக் கதவும் போதும். முன்பணமாக வாங்கும் பணம் உன்னுடையதல்ல, அதைக் கல்யாணச் செலவில் போட்டுவிடாதே, தனியாக ஒரு பேங்குப் புத்தகத்தில் போட்டு வை. அவர்கள் காலி செய்கிற அன்றே அதைக் கையில் கொடு. இழுத்தடிக்கிற வீட்டுக்காரன் பெயர் ஒரு வாரத்தில் பாசார் முழுக்கத் தெரிந்துவிடும். பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் கட்டாதே, பத்து மாதத்துக்குக் கணக்குப் போடு. ஒரு மாத வாடகை கூரைக்கும் குழாய்க்கும், இன்னொரு மாதம் வீடு காலியாக இருப்பதற்கு. நில வரியும் மதிப்பீட்டு வரியும் உன் தலையில்தான் என்பதை மறந்துவிடாதே. வாடகையை ஏற்றவேண்டுமென்றால் காகிதம் புதுப்பிக்கும்போது ஏற்று, முன்னாலேயே சொல்லி ஏற்று. மிஸ்ஸிக்கு நாங்கள் ஏற்றாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் கூரையைப் பார்த்துவிட்டு, சுவருக்குச் சாயம் அடித்துவிட்டு, அப்புறம்தான் கேட்டோம். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

யாருக்கு விடலாம் என்று கேட்டாயே, அதற்காகத்தான் அன்றைக்கு நான் உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வரிசைக்கும் போய் நடந்து பார்த்தேன். அங்கே ஏற்கெனவே குடிவந்துவிட்டார்கள். துணி காயப்போடும் கம்பியைப் பார்த்தால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டில் ஒரே மாதிரி நீலச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. அடுத்த வீட்டிலும் அதே நீலம், அதற்கடுத்ததில் வெளிர் மஞ்சள். எல்லாம் தொழிற்சாலைச் சட்டை, எல்லாம் பெண் பிள்ளைகள். மூலைக் கடைச் சீனரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரித்தேன். வாடகைக்கு வீடு கேட்டு வாரம் தவறாமல் ஆள் வருகிறார்கள் என்றார். என்ன வாடகை போகிறது என்பதையும் சொன்னார். புது விமான நிலையம் வேறு பக்கத்தில் வருகிறதாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, தம்பி. நல்ல இடத்தில்தான் கையை வைத்திருக்கிறாய். ஆனால் வீட்டுக்காரர் எங்கோ இருக்க, பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரு வீட்டில் இருக்கும்போது யார் பொறுப்பு என்று தெரியாமல் போகிறது என்றும் அந்தச் சீனர் சொன்னார். ஒருத்தி போவாள், இன்னொருத்தி வருவாள், கரண்டுக் காசு யார் கட்டுவது என்று சண்டை வரும். பொறுப்பாக ஒரே ஒரு ஆள், வயதில் மூத்தவராக, வீட்டோடு இருக்கிறவராக இருந்தால் அந்த வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அஞ்சலை தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை, அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ராசா வீட்டை என் பெயரில்தான் அப்பா எழுதிவைத்தார், பேங்குக் கடனும் தீர்ந்துவிட்டது. மிஸ்ஸியிடம் போகச் சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார், அவ்வளவு நல்லவர். ஆனால் எங்கள் காகிதம் அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் இருக்கிறது, அவர் மகளின் பரீட்சையும் அதே சமயம்தான். எனக்கு வந்த நோட்டீஸைப் படித்த பிறகு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதை அப்படியே அவர் கையில் கொடுக்க என்னால் முடியாது. தர்மம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ராசா ஆஸ்பத்திரிக்குப் பக்கம், வாடகை அங்கே கூடுதல். அந்த வீட்டில் நான் உட்கார்ந்துகொண்டால் மாதாமாதம் வருகிற பணத்தின் மேல் நானே பாய் போட்டுப் படுத்துக்கொண்ட மாதிரிதான்.

உன் பிளாட்டுக்கும் நான் வரவில்லை. உன் மேலும் கோபமில்லை, நீ கட்டப்போகும் மாலதி மேலும் கோபமில்லை. அவள் போனில் அத்தை அத்தை என்று கூப்பிடும்போது எனக்குக் குளிர்ந்துபோகிறது. நான் வந்தால் இரண்டு பேரும் என்னைக் கையில் வைத்துத் தாங்குவீர்கள், தெரியும். எனக்குப் பயமே அதுதான். நான் பிறந்த வீடு தோட்டம் கொடுத்தது. கல்யாணமாகி வந்த வீடு தோட்டம் கொடுத்தது. கொடுத்தவர்கள் வந்து பானையைத் திறந்து பார்த்தார்கள், இப்போது கொடுத்தவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். அறுபதை நெருங்குகிற வயதில் இன்னொரு கொடுத்த வீட்டுக்குப் போக எனக்கு மனசில்லை, கொடுக்கிறவன் என் பிள்ளையாக இருந்தாலும். கொடுத்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்போதும் சுவரோரமாக நிற்கத்தான் தெரியும். மிஸ்ஸியைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. அவர் அந்த வீட்டில் நடமாடுகிற விதம், கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காருகிற விதம், வாடகையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து ரசீது கேட்கிற விதம், இதெல்லாம் எனக்கும் வேண்டும்.

அதனால் நீலாய் வீட்டை எனக்கு வாடகைக்கு விடு.

சிரிக்காதே, முழுக்கப் படி. சீனர் சொன்ன வாடகையைத்தான் நானும் கொடுப்பேன், ஒரு காசு குறைக்க வேண்டாம். குறைத்தால் நான் வரமாட்டேன். மிஸ்ஸியிடமிருந்து வருவதில் உனக்குக் கொடுத்தது போக எனக்குக் கைச்செலவுக்கு மிஞ்சும். பின்னால் இருக்கும் இரண்டு அறையில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துக்கொள்ள உன் அனுமதி வேண்டும், அதையும் காகிதத்தில் எழுது. அஞ்சலையின் மகள் பூங்கொடி நீலாய்த் தொழிற்சாலைக்கு விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். லயம் போனால் அவளுக்கும் இடமில்லை. அவளும் அவள் கூட்டாளியும் எனக்கு வாடகை கொடுப்பார்கள், நான் சோறு ஆக்கிப் போடுவேன், கரண்டுக் காசுக்கு நான் பொறுப்பு. உனக்கு இஷ்டமில்லை என்றால் சொல்லிவிடு, அஞ்சலையிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை. பொய் சொல்கிறேன், பேசிவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் கலைந்து பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். நேற்று என் ஜன்னல் திரைத்துணிக்கு அளவு எடுக்க நூலைக் கொண்டுவந்து நிற்கிறாள்.

வக்கீலிடம் எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. நான் காலி செய்யவேண்டும் என்றால் மூன்று மாதம் முன்னதாக எனக்கு எழுத்தில் சொல்லவேண்டும். உன் தொழில் போகலாம், நீ வீட்டை விற்க நேரலாம், எனக்கும் மாலதிக்கும் சண்டை வரலாம், நானும் மனுஷிதான். எதுவாக இருந்தாலும் மூன்று மாதம். தோட்டம் எனக்கு அவ்வளவு கொடுக்கவில்லை. நீ கொடுப்பாய் என்று தெரியும், இருந்தாலும் தெரிந்ததை எழுதி வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

இரண்டு மாத முன்பணத்தை இன்று காலை தபாலாபீசில் மணியார்டராகக் கட்டிவிட்டேன். கிடைத்ததும் ரசீது அனுப்பு. அதில் பெறப்பட்டது அம்மாவிடமிருந்து என்று எழுதாதே, என் பெயரை முழுதாக எழுது.

உன் அம்மா,
பொங்கலிலிருந்து உன் குடித்தனக்காரி.